மேலே வந்தா தெரியும்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. அந்தச் சனிக்கிழமை அவள் பேசியது மொத்தமே மூன்று வாக்கியம். "அஞ்சு மணிக்குக் கூட்டம். உட்கார்ந்துட்டு வந்தா கதவு திறக்கும். இல்லன்னா உங்க பெட்டி வாசல்ல இருக்கும்."

குடியை விட்டவர்களும் விடத் தவிப்பவர்களும் கூடிப் பேசும் கூட்டம் அது. மெக்கானிக் விட்டுப் பதினொரு நாள் ஆகியிருந்தது. அவரைக் கேட்டால் பதினொரு யுகம் என்பார்.

காவலுக்குத் தன் தம்பியையும் அனுப்பினாள். தம்பி தபால்காரர். "விலாசமே இல்லாத கடுதாசியை மோந்து பார்த்தே கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். இந்தக் கூட்டம் எம்மாத்திரம் மச்சான்" என்று பஸ் ஏறியதிலிருந்து பீற்றிக்கொண்டே வந்தார்.

அவள் எழுதிக் கொடுத்த சீட்டில் கட்டடத்தின் எண்ணும் ஒரு போன் நம்பரும் இருந்தன, மாடி இல்லை. தபால்காரர் போன் போட்டார். "மேலே வாங்க, வந்தா தெரியும்" என்றது ஒரு குரல், வைத்துவிட்டது. கட்டடம் ஏழு மாடி. வாசலில் பல் டாக்டர் முதல் பாட்டு வகுப்புவரை எழுபது பலகைகள். இந்தக் கூட்டத்துக்குப் பேருக்குக்கூட ஒன்று கிடையாது.

"யாருன்னு வெளியில தெரியக் கூடாதுன்னு நடத்துற கூட்டம். அதுக்கு எவன் மாப்ளே பலகை வைப்பான்?"

"அப்ப வர்றவன் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது? தள்ளாட்டத்தை வச்சா?"

லிஃப்டின் கதவில் ஓர் அட்டை தொங்கியது. 'பழுது. வேலை நடக்கிறது.' தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது. கீழே கோழி கிளறினாற்போல் ஒரு கையெழுத்து. மெக்கானிக்குக் காது சுட்டது. அவருடைய கையெழுத்துதான்.

நாற்பது கட்டடங்களின் லிஃப்ட் அவர் பொறுப்பு. அதில் ஏதோ ஒன்றில், மேல்மாடிக் கதவின் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு வாய் ஊற்றிக்கொண்டு வந்து மாட்டலாம் என்று போனது ஞாபகம் இருந்தது. எந்தக் கட்டடம் என்பது அந்த ஒரு வாயோடு போய்விட்டது. ஆபீஸ் நோட்டில் 'சரி செய்தாயிற்று' என்று எழுதிவிட்டதால் யாரையும் கேட்கவும் வழியில்லை. அது இல்லாமல் லிஃப்ட் நகராது; பூட்டோ இன்னும் தோள்பையின் அடியில்தான் கிடந்தது.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. படியில போலாம். உடம்புக்கு நல்லது."

முதல் மாடியில் வட்டமாக நாற்காலிகள். உட்கார்ந்தே விட்டார்கள். கோட்டுப் போட்டவர் படிவத்தை நீட்டி, "குடிப்பழக்கம் உண்டா?" என்றார். "அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்றார் மெக்கானிக். ஆயுள் காப்பீட்டு முகாமில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மூன்றாம் மாடியில் உடம்பு இளைக்கும் வகுப்பு. வாயைத் திறக்குமுன் செருப்பைக் கழற்றச் சொல்லி எடை பார்த்தார்கள். "பதினாறு கிலோ கூட" என்று கைதட்டி வரவேற்றார்கள். ஐந்தாம் மாடிப் பல் டாக்டர் இரண்டாம் மாடிக்கு விரட்டினார். இரண்டாம் மாடி ஆறாம் மாடிக்கு விரட்டியது. தபால்காரரின் இருபத்தேழு வருஷப் பெருமை படிக்குப் படி உதிர்ந்தது.

"உங்களைக் குடிக்க விட்டிருந்தாக்கூட இவ்வளவு அலைச்சல் இல்ல, மச்சான்."

"வாயை மூடிட்டு ஏறு."

ஏழாம் மாடியில் பத்துப் பேர் நாக்குத் தள்ளி, காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அந்த மூச்சிரைப்பே பலகை. தபால்காரர் வெளியே படிக்கட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். கூட்டத்தை நடத்தும் தையல்காரம்மா முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே நாற்காலியைக் காட்டினார்.

"வாங்க. மூச்சு வாங்கிக்கோங்க. அந்த லிஃப்ட்காரன் மட்டும் கையில கிடைக்கட்டும், வாய் வரைக்கும் தச்சு அனுப்பறேன்."

"ஆபீஸுக்குப் போன் போட்டா, நோட்டுல ஓடுதுன்னு இருக்கேங்கிறான்" என்றார் பெயின்டர். "நோட்டுல ஏறி வர முடியுமா?"

"சிரிக்காதீங்க. லாரி டிரைவர் ஊன்றுகோலோட எப்படி ஏறுவாரு? மூணு வாரமா வரல. தனியா உட்கார்ந்து என்ன பண்றாரோ" என்றார் தையல்காரம்மா.

யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக்குக் கதவு பக்கத்தில்தான் இருந்தது. பெட்டியும் வாசலும் கண்முன் வந்தன. ஆனால் அவரை எழவிடாதது அந்த ஊன்றுகோல். பையைத் துழாவிப் பூட்டை எடுத்து டீ கிளாஸ்களுக்கு நடுவே வைத்தார்.

"அந்த லிஃப்ட்காரன் நான்தான். குடிக்கப் போனேன். எந்தக் கட்டடம்னே மறந்துட்டேன்."

விசிறிகள் நின்றன. அவர் துள்ளி எழுந்தார். "அஞ்சு நிமிஷம். மாட்டிட்டு வந்துடறேன்."

அப்போதுதான் அறை அதிரச் சிரித்தது.

"உட்காருங்க" என்றார் தையல்காரம்மா. "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னு போன நான் திரும்பி வர ஆறு வருஷம் ஆச்சு. மூணு வாரம் காத்திருந்த லிஃப்ட், இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்கும்."

உட்கார்ந்தார். ஒரு மணி நேரமும் உட்கார்ந்தார்.

பிறகு பத்துப் பேர் மேற்பார்வையில் பூட்டு மாட்டப்பட்டது. தையல்காரம்மா லாரி டிரைவருக்குப் போன் போட்டு, "அடுத்த வாரம் சாக்கு சொல்ல வழியில்ல, வந்து சேருங்க" என்றார். லிஃப்ட் முனகிக்கொண்டு வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள். தபால்காரர் மட்டும் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்.

"ஏன் மாப்ளே, நம்பிக்கை இல்லையா?"

"பதினோரு நாளுக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு இருக்கு. அடுத்த சனிக்கிழமை ஏறுறேன்."

மெக்கானிக் பல்லைக் கடித்தார். லிஃப்டை அனுப்பிவிட்டு, மைத்துனன் பின்னாலேயே படியிறங்கினார். நாலாம் மாடி திரும்பும்போது தபால்காரர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அக்கா, பெட்டியை உள்ள எடுத்து வை. ஆமா, உட்கார்ந்தாரு. ஏறி இறங்கிக் கால் கழண்டு போச்சு, நான்தான் இன்னும் உட்காரல."