புளிப் பொட்டலத்தில் வந்த வார்த்தை

அந்த இங்கிலீஷ் பேப்பரைக் கண்டாலே நாச்சம்மாளுக்கு வயிறு எரியும். கொழுந்தன் பெண்டாட்டி மருதாத்தாள் பத்தாவது வரை படித்தவள். பொள்ளாச்சி பஸ்ஸில் கொல்லங்கோட்டுக்குப் பேப்பர் வந்ததும் தினம் ஒரு புது வார்த்தை பிடித்து, சாயங்காலம் வீட்டாருக்கு அர்த்தத்தோடு சொல்வாள். படித்தால் படிக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது? நாச்சம்மாளின் புருஷன் காளிச்சாமி வயலிலிருந்து வந்து கால் கழுவும்போதே, “இன்னிக்கு என்ன வார்த்தை, அம்மிணி?” என்று அவளைக் கேட்கிறாரே, அதுதான் பொறுக்கவில்லை. கட்டிய நாள் முதல் நாச்சம்மாளிடம் அந்த மனுஷன் கேட்டதெல்லாம் சோறு ஆச்சா என்பதுதான்.

ஆத்திரத்தில் ஒரு நாள் பழைய பேப்பரையெல்லாம் வாரிக்கொண்டுபோய் மளிகைக் கடையில் போட்டாள். சனியன் ஒழிந்தது என்றால், மறுநாளே புதுப் பேப்பர் வந்து நின்றது.

பிறகொரு நாள் அதே கடையில் வாங்கிய புளிப் பொட்டலத்தைப் பிரித்தாள். தாளில் ஓர் அணையின் படம், கீழே நீளமாக ஒரு வார்த்தை. நாமும் ஒன்று சொன்னால் என்ன? தபால்காரர் சூசையப்பனை வழிமறித்துக் கேட்டாள். ரிசர்வாயர், தண்ணீர் தேக்கிவைக்கிற இடம் என்றார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மோர் கொடுத்து அனுப்பினாள். பால் கறக்கும்போதும் மாவாட்டும்போதும் நாக்கு சுளுக்கும்வரை அதையே முணுமுணுத்தாள்.

சாயங்காலம் காளிச்சாமி கால் கழுவக் குனிந்தார். நாச்சம்மாள் முந்திக்கொண்டாள்.

“ஏனுங்க, ரிசர்வாயர்னா என்னன்னு தெரியுமுங்களா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தானே இத்தனை பாடும்.

“அணைத் தண்ணி தேக்கறதுதான? அம்மிணி போன மாசமே சொல்லிருச்சே.”

நாச்சம்மாளுக்குக் காது சுட்டது. புளி மடித்து வந்தது தன் வீட்டுப் பேப்பரேதான் என்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் நின்ற மருதாத்தாள் சிரித்திருந்தால்கூட ஒரு பாட்டம் சண்டை போட்டு ஆறியிருப்பாள். அவள் சிரிக்கவில்லை.

“நான் சொன்னது வேற வார்த்தைங்க மாமா. இது அக்காவே கண்டுபுடிச்சதுங்க,” என்றாள், முகம் மாறாமல்.

“அப்பிடியா? பரவால்லியே, நாச்சம்மா,” என்றார் காளிச்சாமி.

இத்தனை வருஷம் ஏங்கிய சொல். அதையும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். நாச்சம்மாள் அடுப்படிக்குள் போனாள். மருதாத்தாளுக்கு இங்கிலீஷ் வந்ததை வேண்டுமானால் மன்னித்துவிடலாம். இதை எந்த ஜென்மத்தில் மன்னிப்பது?