மை இழுபடும் சத்தம்

ஞானசுந்தரி எட்டு வருஷம் ஆப்செட் அச்சு மிஷினில் நின்றவள். 2009இல் திருத்தங்கல் அச்சக முதலாளி மணிகண்டராஜ், வெளியூர் ஆட்களுக்கு இன்டர்நெட்டில் தொழில் சொல்லிக் கொடுக்கும் வேலையை அவளிடம் ஒப்படைத்தார். சாத்தூர், ராஜபாளையம், கோவில்பட்டி என்று ஆறு ஊர், ஆறு பேர். கேமரா முன் உட்கார்ந்து, படம் காட்டி நடத்தினாள். பரீட்சையில் எல்லோரும் தொண்ணூறுக்கு மேல். மிஷினில் நின்றால்தான் தாள் தாளாகப் பாழ். உருளையில் தண்ணீர் கூடினால் மை வெளிறும், குறைந்தால் ஈஷிக்கொள்ளும்.

“ரெண்டு வாரம் பாப்பேன். இல்லன்னா கிளாஸ மூடிருவோம்மா” என்றார் மணிகண்டராஜ்.

அவளுக்கு அவமானமாக இருந்தது. தெரிந்ததையெல்லாம் சொல்லியாயிற்றே, இன்னும் என்ன மிச்சம்? ஓடுகிற மிஷினருகே போய் நின்று தன்னையே கவனித்தாள். தாள் வெளியே வருமுன்பே அவள் கை தண்ணீர்த் திருகைக் குறைத்தது. கண் எதையும் பார்க்கவில்லை. உருளைகளில் மை இழுபடும் சத்தம் மாறியிருந்தது. காது அதைப் பிடித்துக் கைக்குச் சொல்லிவிட்டது. எட்டு வருஷமாக நடந்தது, அவளுக்கே தெரியாது.

வகுப்பு நேரத்தில் இரைச்சல் கூடாதென்று மிஷினை நிறுத்தி வைத்ததும் அவள்தான்!

அன்றே மைக்கை உருளைக்குப் பக்கத்தில் வைத்தாள். “இன்னைக்கு நான் பேச மாட்டேன். இத மட்டும் கேளுங்க.” தண்ணீரைக் கூட்டினாள், குறைத்தாள். பிறகு ஆறு பேரும் தங்கள் ஊர் மிஷினருகே மைக் வைக்க, இவள் கேட்டுத் திருத்தினாள். தினம் ஒரு மணி நேரம், பத்து நாள்.

பதினோராம் நாள், நிஜ ஆர்டர்: புஸ்வாணப் பெட்டி லேபிள். சாத்தூரில் பஞ்சம்மாள் ஓட்டினாள். மற்றவர்கள் அவரவர் ஊரிலிருந்து கேட்டார்கள்; திருத்தங்கலில் மணிகண்டராஜ் ஞானசுந்தரி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“யக்கா, தண்ணி கூடுது. கேட்டீகளா?” என்று திடீரென்று கத்தினாள் பஞ்சம்மாள். சொல்லும்போதே கை திருகிக்கொண்டிருந்தது.

“ஆமாக்கா, எனக்கும் கேட்டுச்சு!” என்றான் ராஜபாளையத்துச் சங்கிலிமுத்து.

பஞ்சம்மாள் அடுத்த தாளைக் கேமராவில் பிடித்தாள். சிவப்பு சுத்தமாக விழுந்திருந்தது.

“உனக்குக் கேட்டுச்சாம்மா?” என்றார் முதலாளி.

“இல்லண்ணாச்சி. எனக்கு முந்தி அவ பிடிச்சிட்டா!” ஞானசுந்தரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆயிரம் தாளும் ஓடி முடிந்தன. ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை. ஆறு ஊரும் ஒன்றாய்க் கைதட்ட, ஸ்பீக்கர் கரகரத்தது.

“அடுத்த கிளாஸுக்கு ஆள் சேத்துக்கோம்மா” என்று எழுந்தார் மணிகண்டராஜ். “இருபது பேரா.”