ஒரு ஓட்டைகூடப் போட மாட்டேன்

பல்செட்காரர் தன் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தெரு நாய்கூட எழுந்து அடுத்த வாசலுக்குப் போய்விடும். அப்படியொரு பேச்சு. முதுகு உருண்ட, வெண்ணெய் நிறத்து, அவருக்கே மூத்த கார் அது. ஒரு கொட்டகையில், உள்ளே கோழிகள் முட்டையிடக் கிடந்ததை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதன் அடியில் படுத்தே கழித்து, கடைசியில் ஓட வைத்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகுதான்.

ஆனால் மனுஷனுக்கு ஒரு பிடிவாதம். கம்பெனியிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அச்சு அசலாக அப்படியே இருக்க வேண்டும். ஏசி கூடாது. பாட்டுப் பெட்டி கூடாது. வைப்பர் தூங்கி வழிந்து ஆடுகிறதா, ஆடட்டும். ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையோடு ஒரு தோளும் வேண்டுமா, இருக்கட்டும். வேறு காரின் சாமான் ஒன்றாவது உள்ளே வந்ததோ, வீடு இரண்டுபட்டுவிடும்.

"பகல் பூரா ஊர்க்காரங்க வாயில பொய்ப்பல்ல வச்சு அனுப்புற மனுஷன்," என்பாள் அவர் மனைவி, "காருக்கு மட்டும் ஒரு பொய்த் திருகாணிகூட ஆகாதாம்!"

"அது வேற, இது வேற," என்பார். எப்படி வேறு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வீட்டின் முன்னறைதான் அவர் பட்டறை. மெழுகும் பல் அச்செடுக்கும் வெள்ளை மாவும் நெடியடிக்கும் அந்த அறையில், பற்களைக் கொஞ்சம் கோணலாக வைப்பதுதான் அவருடைய சூட்சுமம். வரிசை சுத்தமாக இருந்தால் பொய் என்று தெரிந்துவிடுமாம். அவர் கட்டிய பல்லை அவரைத் தவிர யாரும் கண்டுபிடித்ததில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மகளுக்கு அப்போது நிறைமாதம். பல்செட்காரரின் மனதில் ஒரே ஒரு ஆசை. மகள் பிறந்தபோது கையில் வண்டி வாகனம் ஒன்றும் இல்லை. பச்சைக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மனைவி பஸ்ஸில் நின்றபடியே வந்தாள். யாரோ ஒருவனின் முழங்கை குழந்தையின் தலையை உரசிக்கொண்டு போனது. அந்த முழங்கையை அவர் இன்னும் மறக்கவில்லை. பேரப்பிள்ளையாவது தன் சொந்தக் காரில் ராஜபோகமாக வீடு வர வேண்டும். கோழிக் கொட்டகையில் அந்தக் காரைப் பார்த்தபோதே அவர் மனதில் ஓடியது இதுதான்.

மகள் ஒரே கேள்வியில் அதற்கு உலை வைத்தாள்.

"பின்சீட்ல பெல்ட் இருக்காப்பா?"

"அந்தக் காலத்து கார்ல ஏதும்மா பெல்ட்டு?"

"அப்ப பாப்பா சீட்ட எதுல கட்டறது?"

"எதுக்குக் கட்டணும்? உங்கம்மா மடியில வச்சுக்குவா."

"அதெல்லாம் வேண்டாம்பா. நாங்க டாக்ஸில வர்றோம். நீங்க உங்க கார்ல பின்னாடியே வாங்க."

பின்னாடியே வாங்க! பல்செட்காரருக்குச் சுருக்கென்றது. "ஒரு பெல்ட்ட மாட்டித் தொலைங்களேன்," என்றாள் மனைவி. மாட்டலாம்தான். கீழே இரண்டு ஓட்டை போட வேண்டும். அது பரவாயில்லை, தரைத் தகடு இற்றுப்போய் வெல்டர் புதிதாகப் போட்டது. ஆனால் மேலே, பின்சீட்டுப் பக்கத்துத் தூணிலும் ஒன்று போட வேண்டுமே! கார் முழுக்கத் துரு தின்ற பிறகும் அந்தத் தூண் மட்டும் பொட்டுத் துரு இல்லாமல் நின்றது. அவர் கைவைக்காத ஒரே இடம் அது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார். "தொட்டுப் பாருங்க, கம்பெனி பெயிண்டு," என்பார்.

"அதுல ஒரு ஓட்டைகூடப் போட மாட்டேன்," என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. வீட்டில் சமையலும் கொஞ்சம் உப்பில்லாமல் இருந்தது.

பேத்தி பிறந்தாள். பார்த்துவிட்டு வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலை பட்டறையில் ஒரு தையல்காரர் வந்து உட்கார்ந்தார். வாயில் மிச்சம் இரண்டே பல், அவையும் ஆடிக்கொண்டிருந்தன.

"டாக்டர் ரெண்டையும் எடுக்கச் சொல்றாரு. நான் விட மாட்டேன். இது என் சொந்தப் பல்லு."

"அந்த ரெண்டும் இருந்தா செட்டு உக்காராதுங்க."

"அதுக்காக? கூடவே பொறந்ததாச்சே!"

பல்செட்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "சொந்தப் பல்லுன்னு ஷோகேஸ்லயா வைக்கப் போறீங்க? பல்லு எதுக்குங்க? சாப்பிடணுமா வேண்டாமா?"

உள்ளறையில் மனைவி இருமினாள். ஒரே ஒரு இருமல். அந்த மாதிரி இருமலுக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. பல்செட்காரர் கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தார். தையல்காரரை அனுப்பிவிட்டு வெல்டருக்குப் போன் போட்டார்.

வெல்டர் வந்து தூணைத் தடவிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். "எனக்கே மனசு வரல சார். நல்லா யோசிச்சுக்கோங்க. போட்டா போட்டதுதான்."

"யோசிச்சா மாத்திடுவேன். அந்த டிரில் மெஷினக் குடு."

அவரே வாங்கி, குறி பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். அவருடையது எல்லாம் சொந்தப் பல். இரும்புச் சுருள் வர வேண்டிய இடத்தில் பொலபொலவென்று வெள்ளை மாவு கொட்டியது. மெஷினை நிறுத்தினார். மாவை விரலில் எடுத்துத் தேய்த்தார், மோந்து பார்த்தார். மாவோடு மாவாகவே வாழ்கிறவருக்குத் தெரியாதா?

"இது இரும்பு இல்லப்பா. பெயிண்டுக்கு அடியில பூசுற பட்டி."

சுரண்டச் சுரண்ட உள்ளே வட்டமாக ஒரு பழைய ஓட்டை தெரிந்தது. வெல்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "பின்னாடி நட்டு வச்சு வெல்டு பண்ணியிருக்கான் சார். பெல்ட் மாட்டுன எடம்தான் இது! அப்புறம் எவனோ விக்கறதுக்காக மூடிப் பெயிண்ட் அடிச்சிருக்கான்."

பல்செட்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெல்டர் பயந்துபோனார். தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்க வாயெடுத்தபோது, அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"எனக்கே பல்செட் கட்டிட்டான்யா!"

சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள். அவளைப் பிடித்து அந்த ஓட்டையைக் காட்டினார். "பாத்தியா? எனக்கு முன்னாடியே எவனோ ஒருத்தன் இதுல ஒரு குழந்தையக் கூட்டிட்டுப் போயிருக்கான். நான்தான் அறிவு கெட்டத்தனமா..."

"அத இப்பவாவது சொன்னீங்களே," என்றாள் அவள். அன்று இரவு சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது.

வெல்டர் பழையதை நம்பாமல் பின்னால் புதுத் தகடு ஒன்றும் வைத்து, பெல்ட்டை முடுக்கிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் மகள் பாப்பா சீட்டைக் கட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது முறை பல்செட்காரரே இழுத்துப் பார்த்தார். மாப்பிள்ளை பைகளோடு முன்னால் உட்கார, கார் கிளம்பியது. ஒரு சைக்கிள் அவர்களை முந்திக்கொண்டு போனது.

"கொஞ்சம் அழுத்துங்க," என்றாள் பின்னாலிருந்து மனைவி. "வீடு போறதுக்குள்ள குழந்தைக்கு ஸ்கூல்ல சேர்ற வயசு வந்துடும்."

சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, காரை ஆசையோடு ஒரு பார்வை பார்த்தார். "அருமையா இருக்கு சார்! எல்லாம் ஒரிஜினலா?"

பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பேத்தி வெறும் ஈறு தெரியக் கொட்டாவி விட்டாள். தினம் தினம் வெறும் ஈறைப் பார்க்கிற மனுஷன்தான், ஆனாலும் அப்படியொரு அழகை அவர் பார்த்ததில்லை.

"இல்லீங்க," என்றார் பல்செட்காரர், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "பெல்ட் நான் போட்டது."