கழுத்தில் குறைந்த இரண்டு அங்குலம்

என் கணவர் தையற்காரர். நடுக்குவாதம் கண்ட பிறகு இரண்டு ஆண்டுகள் அவரால் ஊசியில் நூல் கோக்கவும் இயலவில்லை. வாடிக்கையாளர்களுக்கு நானே அளவெடுத்து நோட்டில் எழுதினேன். வெட்டும் வேலையை வெளியே கொடுத்தோம். சென்ற ஆண்டு மருத்துவர் புதிதாக ஒரு மாத்திரையைச் சேர்த்தார். மூன்றே வாரங்களில் என் கணவர் ஒரு கோட்டின் தோளை ஒரே வீச்சில் வெட்டினார். நான் சமையலறைக்குள் சென்று அழுதேன்.

சில மாதங்களில் அவர் அந்தப் பழைய அளவு நோட்டுகளைப் புரட்டத் தொடங்கினார்.

"மார்பு நாப்பது. இத எடுக்க எவ்வளவு நேரமாச்சு?"

"எவ்வளவு நேரம் ஆகும்? டேப்பச் சுத்தினேன், எழுதினேன்."

"இந்த வேன்காரனுக்கு மட்டும் அடிச்சு எழுதியிருக்க. ரெண்டு தடவை தொட்டிருக்க."

முப்பது ஆண்டுகளில் என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர் அவர். "சந்தேகம், பிரமை ஏதாவது உண்டா?" என்று மருத்துவர் கேட்டபோது இல்லை என்றார். நானும் அவ்வாறே தலையசைத்தேன். சொன்னால் மாத்திரையைக் குறைப்பார்கள், கை போய்விடும். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அந்த நிலை.

சென்ற வாரம் அந்த வேன் ஓட்டுநர் தம் புதுச் சட்டையைக் கடையிலேயே போட்டுப் பார்த்தார். மேல் பொத்தானைப் பூட்டியதும் அவருக்கு முகம் கன்றிவிட்டது.

"மாஸ்டர், சோறு இறங்கக் கொஞ்சம் வழி விடக்கூடாதா?" என்று சிரித்தார். "அக்கா, பழையபடி நீங்களே அளவெடுங்க."

என் கணவர் சிரிக்கவில்லை. பெரிய கத்தரி அவர் கையில் அசையாமல் இருந்தது.

ஓட்டுநர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன பின் காலரை அளந்தேன். பதினான்கு. நோட்டில் நான் எழுதியிருந்தது பதினாறு. தையலில் ஒரு நூலளவும் பிசகு இல்லை.

"தெரியாம நடந்துடுச்சாங்க?"

"தெரிஞ்சுதான். இன்னும் ரெண்டு இன்ச் குறைச்சிருக்கணும்."

மறுநாள் காலை அவரை அழைத்துச் சென்று, அவர் முன்னிலையிலேயே மருத்துவரிடம் அனைத்தையும் கூறிவிட்டேன்.

"இது அவர் குணம் இல்லம்மா, மாத்திரையோட வேலை. படிப்படியா குறைச்சிடலாம்" என்றார் மருத்துவர். "ஆனா நடுக்கம்தான் முதல்ல திரும்பும். சந்தேகம் போக நாளாகும். முழுசாப் போகும்னு உறுதியாச் சொல்ல முடியாது."

என் கணவர் அவருக்குக் கைகூப்பி நன்றி சொன்னார். வெளியே வந்ததும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "என் கைய வாங்கிட்ட. இனி எல்லாருக்கும் நீதானே அளவெடுப்ப?"

"ஆமாங்க" என்றேன்.

பேருந்தில் அவர் எனக்கு இரண்டு இருக்கைகள் பின்னால் அமர்ந்தார். என் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்க்க அதுவே அவருக்கு வசதியாக இருந்தது.