கேட்டு நடப்பார்

நாட்டின் புதிய அரசமைப்புச் சட்டம் அச்சுக்கு வந்த அந்த வாரம் முழுக்க கமா அக்கா பாதித் தூக்கத்தில்தான் நடமாடிக்கொண்டிருந்தாள். அரசு அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் வேலை. எங்கே ஒரு கமா விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது; அதனால் அந்தப் பெயர். எதிரே உட்கார்ந்து மூலப் பிரதியை உரக்க வாசிப்பவனுக்கு ரேடியோ என்று பெயர். யாராவது நிறுத்தினால்தான் நிற்பான். அவன் வாசிக்க வாசிக்க, அவள் அச்சான தாளில் வரிவரியாக விரலை நகர்த்திக்கொண்டே போவாள்.

கீழ்த்தளத்தில் எந்திரங்கள் கடல் போல இரைந்தன. ஜன்னலுக்கு வெளியே விடிந்ததிலிருந்து கலையாத மூடுபனி. ஆறு நாட்களாக வாசித்ததில் சட்டம் அவளுக்கு ஒரு பெரிய மாளிகையாகவே ஆகிவிட்டிருந்தது. சட்டம் இயற்றுகிறவர்களுக்கு ஒரு கூடம், ஆட்சி நடத்துகிறவர்களுக்கு ஒன்று, நீதிபதிகளுக்கு இன்னொன்று. கண் அசந்தால் போதும், அந்தக் கூடங்களில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பாள். எந்தக் கதவை யார் திறக்கலாம், யார் தட்டிவிட்டுத்தான் நுழையவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

“குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனையைக் கேட்டு நடப்பார், முற்றுப்புள்ளி,” என்றான் ரேடியோ.

விரல் நின்றது. “தம்பி, இன்னொரு தடவை வாசி.”

வாசித்தான்.

“கேட்டுன்னா என்ன? காதால கேட்டுட்டு, அப்புறம் அவர் இஷ்டப்படி நடப்பாரா? இல்ல, அவங்க பேச்சைக் கேட்டு, சொன்னபடி நடப்பாரா?”

ரேடியோ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எழுத்துல ஒண்ணும் பிழை இல்லையேக்கா.”

பிழை இல்லைதான். அதுதான் அவளை அரித்தது. சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது. ‘ஆலோசனைப்படி’ என்று ஒரே ஒரு சொல். யாரும் கவனிக்கப்போவதில்லை, நாளை அரசமைப்புச் சபையில் ஓட்டெடுப்பு, யாருக்கும் நேரமில்லை. பேனா முனை தாளுக்கு ஒரு விரல்கடை உயரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. ஒரு நாட்டின் கடிவாளம் தன் கைக்கு வந்துவிட்டது போலிருந்தது. பேனாவை மூடி வைத்தாள். இதைத் தீர்மானிக்கத் தன்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

மேலாளரிடம் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, தாள்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சபைக் கட்டடத்துக்கு நடந்தாள். பனியில் தெருவிளக்குகள் பகலிலேயே எரிந்துகொண்டிருந்தன. எதிரே வந்தவர்கள் எல்லாம் திடீரென்று தோன்றி, மெல்லக் கரைந்து போனார்கள்.

வரைவுக் குழுவின் செயலர் அறை முழுக்கக் காகிதம். அவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். அவள் தொண்டையைச் செருமியதும் விழித்தார். சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

“தெரியாம எழுதலம்மா. மூணு வாரம் அடிச்சுக்கிட்டாங்க. ஒரு கட்சிக்குத் தலைவர் கையில அதிகாரம் வேணும், இன்னொண்ணுக்கு அமைச்சரவை கையில. ‘கேட்டு’ன்னு போட்டதும் ரெண்டு பேரும் கைகுலுக்கிட்டாங்க. அவங்கவங்க வசதிக்குப் படிச்சுக்கலாம்ல.”

“எங்க வீட்டுக்காரரும் என்னைக் கேட்டுத்தான் சார் எல்லாம் செய்வார். கேட்பார். அப்புறம் செய்வார்.”

செயலர் வாய்விட்டுச் சிரித்தார். “சண்டை வந்தா நீதிமன்றம் தீர்த்துக்கும்மா.”

அவள் சிரிக்கவில்லை. தாள்கட்டைப் பிரித்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து அவர் முன் வைத்தாள். அமைச்சரவை என்ன ஆலோசனை சொன்னது, தலைவர் அதை என்ன செய்தார் என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கலாகாது என்று அதில் இருந்தது.

செயலர் இரண்டு முறை படித்தார். முகத்தில் தூக்கம் முழுசாகக் கலைந்துவிட்டது.

“இது வேற குழு எழுதினது,” என்றார் மெதுவாக.

“தெரியுது சார். நடையே வேற.”

“ரெண்டையும் சேர்த்து யாருமே படிக்கலையா?”

“நான் படிச்சேன் சார். ரேடியோவும் படிச்சான். ஆனா அவன் வாசிக்கிறதோட சரி.”

மறுநாள் அந்த இரண்டு பக்கங்களையும் செயலர் சபையின் முன் வைத்தார். பார்வையாளர் மாடத்தில் அவளுக்கும் ஓர் இருக்கை ஒதுக்கச் சொல்லியிருந்தார். உயரமான கண்ணாடி ஜன்னல்கள் வழியே வெளுத்த வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது. கீழே பேசியவர்கள் நீருக்கடியில் கையை ஆட்டுவது போலத் தெரிந்தார்கள். “அப்போ தலைவர் வெறும் ரப்பர் ஸ்டாம்பா?” என்று ஒருவர் கத்தினார். “அப்போ நாங்க வெறும் அலங்காரமா?” என்று எதிரிலிருந்து பதில் வந்தது. கைகுலுக்கியவர்கள் மேஜையைத் தட்டிக்கொண்டார்கள். சட்டமே கவிழ்ந்துவிடும் போலிருந்தது. தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று நினைத்தாள்.

பிற்பகலில், அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத ஒரு பெண் உறுப்பினர் எழுந்தார். ஊரில் பல் டாக்டராம். “தலைவருக்குப் பிடிக்கலைன்னா ஒரு தடவை திருப்பி அனுப்பட்டும்,” என்றார். “அமைச்சரவை மறுபடி யோசிக்கட்டும். ரெண்டாவது தடவையும் அதையே சொன்னா அதன்படிதான் நடக்கணும். நடக்கலைன்னா நீதிமன்றம் கேட்கலாம்.” அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

பிறகும் இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஓட்டெடுப்பில் நான்கே ஓட்டு வித்தியாசத்தில் அந்தத் திருத்தம் நிறைவேறியது. தோற்றவர்களில் சிலர் வெளிநடப்புச் செய்தார்கள். சிலர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டத்தோடு கூட்டமாக அவள் படியிறங்கினாள். இன்னமும் வாதாடிக்கொண்டே இறங்கிய இரண்டு உறுப்பினர்கள், அவள் வழிவிட்டதும் நன்றி சொல்லிக் கடந்துபோனார்கள். யார் இவள் என்று அவர்களுக்குத் தெரியாது. அவளுக்குள் மெல்லிய சந்தோஷம் ஒன்று, யாரிடமும் சொல்லத் தோன்றாமல், கதகதப்பாகக் கிடந்தது.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டாவது நிறுத்தத்துக்குள் தூங்கிப்போனாள், ஒரு வாரத்தில் முதல் முறையாக, எந்தக் கூடமும் கதவும் இல்லாத தூக்கம். நடத்துநர் வந்து எழுப்பியபோது பேருந்து பணிமனையில் காலியாக நின்றுகொண்டிருந்தது.