நாலாவது குழாய்

அவர் ஓய்வுபெற்ற எடையளவு ஆய்வாளர். முப்பது வருடம் கடை கடையாக ஏறி, தராசில் பத்து கிராம் குறைந்தாலும் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியவர். கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் படிக்கல்.

அப்பேர்ப்பட்டவர் தன் விஷயத்தில் மட்டும் ஒன்றைக் கூட்டிச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு பைபாஸ் நடந்தது. மூன்று குழாய். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சம்பந்தி பார்க்க வந்தார். அவருக்கும் முந்தைய வருடம் பைபாஸ் ஆகியிருந்தது.

"எனக்கு மூணு. உங்களுக்கு?" என்றார் சம்பந்தி.

படிக்கல்லின் வாய் அவரைக் கேட்காமலே "நாலு" என்றது. மகளைக் கொடுத்த இடத்தில் நெஞ்சிலாவது ஒரு படி மேலே இருக்க வேண்டாமா? அன்றிலிருந்து மாடிப்படியில் சம்பந்தி ஒதுங்கி நின்று அவருக்கு வழிவிட்டார். சுகமாகத்தான் இருந்தது.

இப்போது மறுபடி நெஞ்சுவலி. மருத்துவமனைக்கு மனைவியும் சம்பந்தியும் கூட வந்தார்கள். டாக்டரம்மா ஒரு தாளில் இதயம் வரைந்தார்.

"அன்னைக்குக் கால்லேர்ந்து எடுத்து வெச்ச குழாய் ஒண்ணு அடைக்குது போலிருக்கு. அதுக்குள்ளயே ஸ்டென்ட் வைக்கலாம். சுலபம்தான், ஆனா பழைய குழாய், உள்ளே இருக்கிற கசடு பிச்சுக்கிட்டுப் போகலாம், சீக்கிரமே திரும்ப அடைச்சுக்கவும் செய்யலாம். இல்லைன்னா உங்க சொந்த ரத்தக்குழாயையே திறந்து ஸ்டென்ட் வைக்கலாம். கஷ்டம், ஆனா நீடிச்சு உழைக்கும். மறுபடி நெஞ்சைத் திறக்கிறது உங்களுக்கு வேண்டாம்."

"நீடிச்சு உழைக்கிறதே வையுங்க," என்றார் படிக்கல்.

"அதுல ஒரு சிக்கல். படத்துல குழாய் தெரிய ஒரு சாயம் ஏத்தணும். உங்க கிட்னி ஏற்கெனவே வீக். நூத்தி இருபது மில்லிக்கு மேல நான் தொடமாட்டேன். பழைய குழாய் ஒவ்வொண்ணையும் தேடிப் பார்க்கவே சாயம் செலவாகும். பழைய ஆபரேஷன் ரிப்போர்ட் இருக்கா?"

இல்லை. அந்த மருத்துவமனையை மூடியே வெகுநாளாயிற்று. ஊரார் ரசீதையெல்லாம் பத்து வருடம் பத்திரமாக வைத்தவர், தன் ரிப்போர்ட்டை எங்கேயோ தொலைத்திருந்தார்.

"எத்தனை குழாய் வெச்சாங்க?"

மனைவி வாய் திறந்தாள். "நீ சும்மா இரு, உனக்கு என்ன தெரியும்?" என்று அவளை அடக்கிவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த சம்பந்தியை ஓரக்கண்ணால் பார்த்தார். "நாலு," என்றார்.

மறுநாள் காலை அவர் மேஜையில் படுத்திருந்தார். மணிக்கட்டு மட்டும் மரத்திருந்தது. காது நன்றாகவே கேட்டது.

"ஒண்ணு கிடைச்சுது. ரெண்டு. மூணும் கிடைச்சாச்சு. எவ்வளவு போயிருக்கு?"

"முப்பது மில்லி," என்றார் நர்ஸ்.

"நாலாவது எங்கே?" டாக்டரம்மா தேடினார். நாற்பது. இன்னொரு பக்கம் தேடினார். ஐம்பது.

"காணோமே. இன்னும் ரெண்டு தடவை பார்ப்போம். அதுக்கப்புறம் சொந்தக் குழாயைத் திறக்கச் சாயம் பத்தாது. கால் குழாய்லயே ஸ்டென்ட் வெச்சு முடிச்சிடலாம்."

படிக்கல்லுக்கு வியர்த்தது. அளவு தெரிந்த மனுஷன் அல்லவா, கணக்கு உடனே புரிந்துவிட்டது. இல்லாத குழாயைத் தேடி, நீடித்து உழைக்கிற வழி கைவிட்டுப் போகப் போகிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை கடைக்காரர்களிடம் சொல்லியிருப்பார்!

"டாக்டர், தேடாதீங்க. மூணுதான்."

அறையில் எல்லாக் கைகளும் நின்றன.

"ஏன் நாலுன்னு சொன்னீங்க?"

"சம்பந்திக்கு மூணு," என்றார் மெல்ல.

நர்ஸ் முகக்கவசத்துக்குள் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இனிமே உங்க பேச்சை நம்ப முடியாது. வீட்டுக்காரங்களைக் கூப்பிடுங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மனைவியும் சம்பந்தியும் வந்து நின்றார்கள். மைக்கில் மனைவியின் குரல் கேட்டது.

"மூணுதான் டாக்டர். மார்லேர்ந்து ஒண்ணு, கால்லேர்ந்து ரெண்டு. அப்ப ஆபரேஷன் பண்ணின பெரிய டாக்டர் எனக்குப் படம் போட்டுக் காட்டினார். காலுக்கு ரெண்டு மாசம் கட்டு மாத்தினது நான்தான். நேத்தே சொல்ல வந்தேன், சும்மா இருன்னாரு."

சம்பந்தி மைக்கை எட்டிப் பிடித்தார். "அப்ப பன்னெண்டு வருஷமா நான் மாடிப்படியில ஒதுங்கினது?"

மீதியிருந்த எழுபது மில்லியில், இரண்டு மணி நேரம் போராடி, டாக்டரம்மா சொந்தக் குழாயையே திறந்துவிட்டார். அவ்வளவு நேரமும் படிக்கல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வலியைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. தன் நெஞ்சைத் தன்னைவிடச் சரியாக அளந்து வைத்திருப்பவளைத்தானே சும்மா இருக்கச் சொன்னோம் என்று நினைக்க நினைக்கக் கண்ணில் நீர் கட்டியது.

இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்புமுன் டாக்டரம்மா புது ரிப்போர்ட் எழுதினார். "சிகரெட் எப்போ விட்டீங்க?"

'பத்து வருஷம் ஆச்சு' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சம்பந்தி வேறு பக்கத்தில் நின்றிருந்தார். படிக்கல் வாயை மூடிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"அவளைக் கேளுங்க."

"போன மாசம்," என்றாள் அவள்.