பத்து உறைக்கு ஒரு பெட்ஷீட்

…ஏழாவது உறையா, எட்டாவதா, கை போட்டுக்கொண்டே இருக்கிறது, மெஷின் இழுத்துக்கொண்டே இருக்கிறது, எண்ணிக்கை மட்டும் எங்கேயோ நழுவிவிட்டது, பதினொரு வருஷத்தில் ஒருநாளும் நழுவாத எண்ணிக்கை. பத்துத் தலையணை உறை போனால் ஒரு பெட்ஷீட் போகவேண்டும். உறைக்கு ஒரு அருள்நிறை மந்திரம், பெட்ஷீட்டுக்கு ஒரு பரலோக மந்திரம், ஐம்பது உறை தீர்ந்தால் ஒரு செபமாலை. ஆஸ்பத்திரித் துணியெல்லாம் வெளுத்து இஸ்திரி போடுகிற இந்தக் கூடத்தில் இந்தக் கணக்கு இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பெட்ஷீட்டுக்கு மறுமுனை பிடிக்க எதிரில் நிற்கிறவளை எல்லாரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள், அவள் தினமும் கேட்பாள், “உறையத் தனியா, ஷீட்டத் தனியா போட்டா சீக்கிரம் முடியும்லக்கா, இது என்ன கலப்படம்?” இவள் சிரிப்பாள். “உதடு ஆடுது, சத்தத்தக் காணோம். கடவுள்கிட்டயும் கிசுகிசுதானா?” அதற்கும் சிரிப்பாள். இன்றைக்கு வாயாடி வாயே திறக்கவில்லை. இடைவேளையில் போன் வந்தபோது பக்கத்தில்தான் நின்றாள், இவள் முகத்தைப் பார்த்தாள், தன் துண்டை எடுத்து இவள் கையில் திணித்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

ஊரிலிருந்து அக்காதான் பேசினாள். “தம்பி போயிட்டான்டி.” எப்ப? “ஞாயித்துக்கெழம காலையிலயே. சாயங்காலமே அடக்கம் பண்ணிட்டோம்.” இன்றைக்குப் புதன். “ஒங்கிட்ட ஒடனே சொல்லி என்ன ஆகப்போகுது, நீ லீவு கேட்டு, டிக்கெட் கெடச்சு, வந்து சேர்றதுக்குள்ள… தனியாக் கெடந்து தலையில அடிச்சுக்குவ. அதான் ஆற அமரச் சொல்லிக்கலாம்னு…” ஆற அமர. யாருக்கு ஆறியது, யார் அமர்ந்தார்கள்… திங்கட்கிழமை இவளே போன் போட்டுக் கேட்டாளே, காய்ச்சலில் கிடக்கிறவன் சாப்பிட்டானா என்று, ரெண்டு வாய் சாப்பிட்டான் என்றாளே அக்கா, எந்த மனசோடு சொன்னாள், கல்லறைக்குப் போய் வந்த களைப்புகூடத் தீர்ந்திருக்காது, அதே வாயால் ரெண்டு வாய் சாப்பிட்டான் என்று… கோபம் வரவேண்டும், வரவில்லை. இவள் அன்றைக்கு வேறு என்ன சொன்னாள் என்பதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. “அவன் பொழச்சிருவான் பாரு, எனக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருச்சு” என்றாள். அக்கா “சரிடி” என்று மட்டும் சொன்னாள்.

உறை போகிறது, ஒன்று, இன்னொன்று, உருளைக்குள் ஈரமாகப் போய் அந்தப் பக்கம் மொடமொடவென்று விழுகிறது. மூன்று நாளில் எத்தனை செபமாலை சொல்லியிருப்பாள், பன்னிரண்டா, பதினாலா, எல்லாம் காய்ச்சல் இறங்கவேண்டும், மூச்சு சீராகவேண்டும் என்று. மண்ணுக்குள் கிடக்கிறவனுக்கு மூச்சு சீராக… வீடு காலிசெய்து போனவனுக்குப் பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டதுபோல. செத்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு வேண்டியது வேறு செபம் அல்லவா, ஆத்துமத்துக்கான செபம், செத்தவர்கள் பாவக்கறை தீரக் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவனும் நின்றிருப்பான், எல்லார் வீட்டிலிருந்தும் ஒத்தாசை வருகிறது, இவள் மட்டும் காய்ச்சல் மருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அவன் கோயில் படி ஏறி எத்தனை வருஷம். கோயில் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணுடா என்றால் கையெடுத்துக் கும்பிடுவான், “ஒரே குடும்பத்துக்கு ரெண்டு மனு எதுக்கு? நீ எழுது, கீழ நான் கையெழுத்து மட்டும் வச்சிடறேன்.” சிரிப்பு வருகிறது. சாமியார் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார், கடவுளுக்கு நேற்று நாளை என்று இல்லை அம்மா, எந்தச் செபமும் வீணாகாது என்பார். இருக்கலாம். அவருக்கு என்ன, அவர் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

அவர்தான் இதைத் தொடங்கிவைத்தார். கோயிலில் நடந்த தியானக் கூட்டத்தில் சொன்னார், பூசைக்கு வர முடியவில்லையா, செய்கிற வேலையையே செபமாக்கு, கடவுள் அங்கேயே வந்து உன் பக்கத்தில் நிற்பார் என்று. நிற்பார் என்று பதினொரு வருஷம் உறை போட்டாள். வெறும் உதடு. வாய் ஒரு பக்கம் சொல்லும், மனசு வாடகை, முழங்கால் வலி, அலமாரியில் செத்துக்கிடந்த பல்லி என்று அலையும். யாரும் வரவில்லை. ஆவி வரும், வேர்வை வரும், அவ்வளவுதான். இந்தத் திங்கட்கிழமைதான் அது வந்தது. மூன்றாவது பத்து நடந்துகொண்டிருந்தது, சட்டென்று மெஷின் சத்தம் தூரமாகப் போயிற்று, தோளுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள், திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத அளவுக்குக் கிட்டத்தில், நெஞ்சுக்குள் ஒரு சூடு, அழுகை இல்லாத கண்ணீர். வாயாடிகூட, “என்னக்கா, மொகம் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு” என்றாள். செவ்வாயும் வந்தது. தம்பி பிழைத்துவிட்டான் என்பதற்கு அடையாளம்தான் அது என்று இவளாக எடுத்துக்கொண்டாள். யாரும் அப்படிச் சொல்லவில்லையே, ஒரு வார்த்தை பேசவில்லையே வந்தவர். அவனைக் கொண்டுபோன கையோடு இங்கே வந்து நின்றாரா? சொல்லாமலா? அக்காவைப் போலவே அவருமா, ஆற அமரச் சொல்லிக்கலாம் என்று… இல்லை, யாருமே வரவில்லையா, எல்லாம் இவளாகவே தன் நெஞ்சில் மூட்டிக்கொண்ட சூடா…

சூப்பர்வைசர் வந்து நிற்கிறார். கையில் பேனாவைத் திருகிக்கொண்டே, “விஷயம் கேள்விப்பட்டேம்மா. வீட்டுக்குப் போறதுன்னா போங்க, நான் எழுதிக்கறேன்.” “இல்ல சார்.” “சொல்றேன்ல, போங்கம்மா.” “ரூமுக்குப் போயி சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கணும் சார். இங்கயே இருக்கேன்.” அவர் தலையாட்டிவிட்டுப் போகிறார். வாயாடி பெட்ஷீட்டின் முனையை எடுத்து நீட்டுகிறாள், இழுத்துப் பிடிக்கிறார்கள், உருளை வாங்கிக்கொள்கிறது. பரலோக மந்திரம் சொல்லவேண்டிய இடம். சொல்லவில்லை. அடுத்த உறையை எடுக்கிறாள், விரிக்கிறாள், போடுகிறாள், காது மெஷின் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறது, அது தூரமாகப் போகிறதா, இல்லை, இன்னும் இல்லை, தோள் தானாகக் கொஞ்சம் பின்னால் சாய்கிறது… ரூமில் சுவரைப் பார்த்து உட்காரவேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னது பொய். போன் வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது, அவனுக்காக ஒரு மந்திரம்கூட இன்னும் சொல்லவில்லை. அந்தச் சூடு இன்றைக்கும் வருமா என்றுதான் அவள் இங்கே நின்றுகொண்டிருக்கிறாள்.